செயலாளர் ஆண்டறிக்கை 2024: சிப்பிச் சேகரிப்பும் சங்க நடப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. பினாங்கின் குவார் கெப்பாவுக்கு ஒருநாள் பயணம் போய்வந்தோம். 2017இல் புதிய கற்கால எலும்புக்கூடு கிடைத்த இடம் என்பதால் அங்கிருந்து ஒரு சிப்பி ஓட்டைக்கூட எடுக்கவில்லை.

ஆண்டின் பெரும்பகுதி சேகரிப்பை மறுவரிசைப்படுத்துவதில் போயிற்று. ஏன் இத்தனை மாதம் என்று சிலர் கேட்டதால் விவரமாகவே எழுதுகிறேன்.

பழைய இழுப்பறைகளில் சிப்பிகள் வெளித்தோற்றத்தை வைத்து அடுக்கப்பட்டிருந்தன. சார் குவே தியா என்னும் வறுத்த நூடுல்ஸில் போடும் கெராங் சிப்பியும் இதயச் சிப்பியும் 'காக்கிள்' என்ற ஒரே சீட்டின்கீழ் கிடந்தன. இரண்டுக்கும் மேலே வரிவரியாக மேடு உண்டு. உறவு அவ்வளவு கிட்டத்தில் இல்லை. கெராங் ஓட்டை உட்புறம் திருப்பினால், இரு ஓடுகளும் இணையும் கீல் நேர்கோடாக இருக்கும். அதன்மேல் சீப்புப்பல் மாதிரி நுண்பற்கள் வரிசையாக நிற்கும். இதயச் சிப்பியில் உச்சிக்குக் கீழே ஓரிரு பற்களும், தள்ளி இருபுறமும் பக்கப்பற்களும்தான். ஆகவே கெராங் ஆர்சிடா வரிசைக்குப் போனது (வரிசை என்பது பல குடும்பங்களைச் சேர்த்த வகைப்பாட்டுப் பிரிவு). மட்டி என்று நாம் வாங்கும் குப்பாங், ஆளி, விசிறிச் சிப்பி எல்லாம் அதே பெருங்கிளை. இதயச் சிப்பி கார்டிடே குடும்பத்தில் நின்றது. ராட்சதச் சிப்பியும் இப்போது அதே குடும்பம்தான். கெராங் கிளையும் இதயச் சிப்பிக் கிளையும் 45 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டவை.

'வெனராய்டா' என்று எழுதிய சீட்டுகள்தாம் அதிக வேலை வைத்தன. அந்தப் பழைய வரிசை இப்போது பல துண்டாகிவிட்டது: லாலா என்ற உண்ணும் சிப்பி வெனரிடாவில், லூசினா சிப்பிகள் லூசினிடாவில், கத்திச் சிப்பி அடபிடொண்டாவில். இம்மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் இம்பாரிடென்ஷியா என்ற பெயரே 2014இல் வந்தது. கார்டிடா என்ற சிப்பிப் பேரினம் அதற்குள்ளும் இல்லை. தனிக் கிளைக்குப் போய்விட்டது. அதை இதயச் சிப்பியின் கார்டிடே குடும்பத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று.

இரண்டு ஓட்டையும் பசைபோட்டு மூடிக் கொடுக்காதீர்கள். கீலும் தசை ஒட்டியிருந்த தழும்பும் உள்ளே மறைந்துவிடும். லாலா ஓட்டின் உட்புறக் கோடு பின்பக்கம் உள்வாங்கி வளைந்திருக்கும். நீர்க்குழல்கள் உள்ளிழுக்கும் இடம் அது. கெராங்கில் அந்த வளைவு இல்லை. மூடிய ஜோடியில் இதை எப்படிப் பார்ப்பது?

கெடா தொல்லுயிர்ப் படிவங்களுக்கு டி.என்.ஏ. கிடையாது, வடிவம் மட்டுமே சாட்சி. ஹலோபியா, டாவோனெல்லா என்ற இரு தொல் சிப்பி வகைகளைப் பிரிப்பது ஓட்டின் முன்பக்கத்தில் காதுபோல் நீண்ட பகுதி ஒன்றுதான், அதுவும் பாறை பிளக்கும்போது பெரும்பாலும் எதிர்ப்பாதியில் ஒட்டிக்கொள்ளும். எனவே இரு பாதியையும் ஒரே எண்ணிட்டு வையுங்கள். ஓடு கரைந்து அச்சு மட்டும் எஞ்சியிருந்தால் கீல் குழியில் பிளாஸ்டிசினை அழுத்தி எடுங்கள். பற்கள் புடைப்பாக வந்துவிடும்.

மூன்று பிளைவுட் இழுப்பறைகளில் ஓடுகள்மேல் வெண்மாவு பூத்திருந்தது. அது பூஞ்சை அல்ல. மரத்திலிருந்தும் பசையிலிருந்தும் வரும் அமில ஆவி, நம் ஊர் ஈரத்தோடு சேர்ந்து சுண்ணாம்பைத் தின்கிறது. வினிகரால் துடைத்தால் இன்னும் கெடும். நல்ல தண்ணீரில் நாளுக்கொருமுறை மாற்றி ஊறவைத்து, முழுக்கக் காயவைத்து, பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாற்றினோம். சிலவற்றில் வரிமேடே போய்விட்டது. அவற்றை மீட்க வழியில்லை. இரும்பு அலமாரி வேண்டும் என்று செயலவையில் இருமுறை வைத்தேன். கூட்டம் நடத்தப் போதிய எண்ணிக்கையில் ஆள் இல்லாமல் இருமுறையும் தள்ளிப்போயிற்று.

வரவு செலவு ஏறக்குறைய சமம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா நிலுவை மட்டும் பாதி உறுப்பினர்களிடம் இருக்கிறது. சிலர் இரண்டாண்டாகக் கூட்டத்துக்கும் வரவில்லை, இரவல் எடுத்த சிப்பியையும் திருப்பவில்லை. சிப்பியைத் திருப்பும்போது கிடைத்த இடம், நாள், ஆழம் எழுதிய சீட்டையும் சேர்த்தே தாருங்கள். இடப்பெயர் இல்லாத ஓடு வகைப்பாட்டுக்கு உதவாது.

தலைவர், பொருளாளர், கணக்காய்வாளர், மண்டபம் தந்த அன்பர் அனைவருக்கும் நன்றி. இப்பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கை போக வேண்டும்; பொறுப்பாளர் பட்டியல் அதற்குள் நிரம்ப வேண்டும். இன்னும் பிரிக்காதவை 11 இழுப்பறைகள். ஞாயிறு காலை இரண்டு மணிநேரம், ஒரு கை உருப்பெருக்கி, ஒரு மென்தூரிகை கொண்டு நால்வர் வந்தால் அடுத்த ஆண்டுக்குள் முடியும். பெயர் கொடுப்பவர்கள் இன்றே கொடுத்தால் சாவி பிரதி எடுக்கச் சொல்லிவிடுவேன்.