பொன்மலை பாப்பாவை மலையேற்றியவர்களுக்கு

தோழர்களுக்கும், தோழர் என்று கூப்பிட்டால் நெளிகிற நண்பர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிறு குன்னூரில் கம்யூனிஸ்ட் தலைவர் பாப்பா உமாநாத் நினைவுக் கூட்டம் நடந்தது உங்களால்தான். பேசி வைத்திருந்த மண்டபம் இரண்டு நாளைக்கு முன் கைவிரித்துவிட்டது. (யாரென்று எழுதப்போவதில்லை. நாளைக்கு ஒரு கல்யாணம் என்றால் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.) கேட்டதுமே கடை மாடியைத் திறந்துவிட்டார் டீக்கடை பாய். வாடகை வேண்டாம் என்றவர், நாற்பது பேருக்கு டீயும் வர்க்கியும் கொடுத்துவிட்டுப் பாதிக் காசுதான் எடுத்துக்கொண்டார். முதல் நன்றி அவருக்கு.

"திருச்சி அம்மாவுக்கு இங்கே எதுக்குங்க கூட்டம்?" என்று சிலர் கேட்டார்கள். நான் லோகோ ஷெட்டில் இருந்து ரிட்டயர் ஆனவன். மேட்டுப்பாளையத்திலிருந்து புகை விட்டுக்கொண்டு ஏறுகிறதே நம் ரயில், அதன் புது நீராவி எஞ்சின்கள் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் கட்டியவை. எஞ்சின் மட்டும் நம்முடையது, அந்தப் பட்டறைப் பக்கம் வளர்ந்த பிள்ளை வேற்றாளா?

படங்களைக் காட்டிக் கதை சொன்ன கல்லூரி மாணவிக்கு அடுத்த நன்றி. 1931இல் பிறந்த தனலட்சுமி (அதுதான் பாப்பாவின் இயற்பெயர்), அப்பா போனபின் பொன்மலைக்கு வந்தது, அம்மா லட்சுமி ரயில்வே தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டுப் பிழைத்தது, 1946 செப்டம்பர் 5 துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்தது என்று வரிசையாகச் சொல்லி வந்தார். 1950இல் தாயும் மகளும் ஜெயிலில் இருந்த கதைக்கு வரும்போது கரண்ட் போய்விட்டது. செல்போன் வெளிச்சத்திலேயே தொடர்ந்தார். அங்கே உண்ணாவிரதத்தில் அம்மா லட்சுமி இறந்துபோகிறார். கட்சியை விட்டு விலகினால் உடலைப் பார்க்கலாம் என்கிறார்கள். மகள் விலகவில்லை, பார்க்கவும் இல்லை.

வெளியே மழை சத்தம் மட்டும்தான். அப்போது பின்வரிசையில் ஓர் அக்கா எழுந்தார். கொழுந்து பறிக்கிறவர். நனையாமல் இருக்க அத்தனை படங்களையும் தன் படங்கில் (கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற தார்ப்பாய்) சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தவரும் அவர்தான். "எங்க பேராட்டுலயும் ஒருநாள் எழுதாத தாள்ல கையெழுத்துக் கேட்டாங்க. நான் போட்டுட்டேன்" என்றார். (பேராட்டு என்றால் தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம்.) உட்கார்ந்துவிட்டார். அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் மாதர் சங்கம் தொடங்கியது, 1989இல் திருவெறும்பூர் எம்.எல்.ஏ. ஆனது எல்லாம் வந்தன. ஆட்சி கலைந்ததால் சட்டமன்றத்தில் இருந்தது இரண்டே வருஷம். அந்த எம்.எல்.ஏ. பதவியையே பெரிதாகச் சொல்லலாம் என்று நான் போட்டிருந்த திட்டத்தை மாற்றிய மாணவிக்கு இன்னொரு நன்றி.

ஜீப்புக்குக் காசு வாங்காத தம்பிக்கும், கீழே செருப்புகளை நனையாமல் எடுத்து வைத்த சின்னப் பிள்ளைகளுக்கும் நன்றி. வசூலில் 340 ரூபாய் மிச்சம் இருக்கிறது. படங்களுக்குக் கண்ணாடி போடலாமா, சொல்லுங்கள். ஒரு நீலக் குடையும் என்னிடம் இருக்கிறது. கைப்பிடி உடைந்தது. யாருடையதோ, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.