சால்வதோர் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய பிரேசில் பயணத்திட்டத்தைப் பார்த்தேன். சால்வதோரில் கடற்கரைக்கு மூன்று நாள், பழைய நகரத்துக்கு ஒரே ஒரு காலைப்பொழுது. இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. நானும் மாணவர் குழுவோடு போய்த்தான் அந்த ஊரைப் பார்த்தேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: உங்கள் பேராசிரியரிடம் பேசி, ஒரு செவ்வாய்க்கிழமை மாலையைப் பெலோரின்யோவுக்காக எப்படியாவது வாங்கிவிடு.

மேட்டின் மேல் இருக்கும் பழைய நகரம்தான் பெலோரின்யோ. கீழே துறைமுகப் பக்கத்திலிருந்து லசெர்தா லிஃப்டில் ஏறினால் 72 மீட்டர் உயரத்தில் கொண்டுவந்து விடும். கல் பாவிய சரிவுத் தெரு, மஞ்சளும் நீலமும் ரோஸுமாக வீடுகள். பார்த்ததும் எல்லோரும் படம் எடுக்கத்தான் தொடங்குவார்கள். நீயும் எடு, தப்பில்லை. ஆனால் அங்குள்ள சதுக்கத்தில்தான் அடிமைகளைக் கட்டிவைத்து அடித்த கசையடிக் கம்பம் நின்றது என்பதையும் தெரிந்துகொண்டு எடு. 1549-லிருந்து 1763 வரை பிரேசிலுக்கு இந்த ஊர்தான் தலைநகர். கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களை லட்சக்கணக்கில் இறக்கிய துறைமுகமும் இதுதான். பிரேசில் அடிமை முறையை ஒழித்தது 1888-ல். இரண்டு அமெரிக்கக் கண்டங்களிலும் கடைசியாக ஒழித்த நாடு அது.

சரிவின் பாதியில் ஒரு நீல நிறத் தேவாலயம் இருக்கிறது. ரொசாரியோ தோஸ் பிரெத்தோஸ். வெள்ளையர்களின் கோவில்களில் இடமில்லாத கறுப்பின மக்கள் தங்களுக்கென்று ஒரு சபை அமைத்து, 1704-ல் கட்டத் தொடங்கியது. பகலெல்லாம் எசமானுக்கு உழைத்து, மிஞ்சிய நேரத்தில் கட்டினார்கள். முடிய ஏறக்குறைய நூறு வருஷம் ஆயிற்று. பக்கத்திலேயே உள்ளெல்லாம் தங்கம் இழைத்த சான் பிரான்சிஸ்கோ தேவாலயமும் உண்டு. 2025 பிப்ரவரியில் அதன் உட்கூரை இடிந்து ஓர் உயிர் போனது. அதனால் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போ. எனக்கு மனசில் நிற்பது என்னவோ அந்த நீலக் கோவில்தான். செவ்வாய் மாலைப் பூசையில் அதபாக்கே என்ற உயரமான மேளத்தை வெறுங்கையால் அடிப்பார்கள். நம் நெஞ்சுக்கூட்டுக்குள் அதிரும். ரொட்டிக் கூடைகளைத் தலைக்கு மேல் ஏந்தி, ஆடிக்கொண்டே நடுவழியாக வருவார்கள், வயதான பெண்கள் உள்பட. இந்த ஊரின் கொண்டாட்டமெல்லாம் யாருடைய உழைப்பிலும் பிடிவாதத்திலும் பிறந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் அக்கராஜே என்ற பலகாரம். வெள்ளை உடையும் தலைப்பாகையுமாகத் தெருமுனையில் அமர்ந்திருக்கும் பையானா என்ற பெண்களிடம் வாங்கிச் சாப்பிடு. காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி, வெங்காயத்தோடு அரைத்து, மரக்கரண்டியால் பொங்கப் பொங்க அடித்து, செந்நிறப் பனை எண்ணெயில் போடுவார்கள். கிட்டத்தட்ட நம் வடைதான். வெந்ததும் நடுவில் பிளந்து, தேங்காய்ப்பாலும் இறாலும் சேர்ந்த வத்தாபா, வெண்டைக்காய்க் கூட்டு, உலர்ந்த இறால் என்று திணிப்பார்கள். மிளகாய் விழுதை முதலில் கொஞ்சமாகவே கேள். இதைத் தெருவில் விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கிய பெண்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். அதனால் விலையில் பேரம் பேசாதே.

கடற்கரைக்குப் போகாதே என்று சொல்லவில்லை. போர்த்தோ த பாரா அருமையான இடம். நாட்டின் கிழக்குக் கரைதான், ஆனாலும் அங்கே சூரியன் தண்ணீரில்தான் மறையும். அந்த மணற்கரை விரிகுடாவைப் பார்த்து மேற்கே திரும்பியிருக்கிறது. கரியடுப்பு வைத்த தகர டப்பாவைக் கையில் தூக்கிக்கொண்டு சிறுவர்கள் வருவார்கள். குச்சியில் குத்திய பாலாடைக்கட்டியைக் கண்ணெதிரே வாட்டித் தருவார்கள். அங்கே விற்கும் வறுத்த முந்திரியையும் வாங்கு. பண்ருட்டி முந்திரிக்குப் பூர்வீகம் பிரேசிலின் வடகிழக்குப் பக்கம்தான். போர்ச்சுக்கீசியர் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. போனை மட்டும் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதே.

செவ்வாய்க்கிழமை பற்றிப் பேராசிரியர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. தயங்கினால் அவருடைய நம்பரைக் கொடு, நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அக்கா