வகுப்புத் தலைவர் தேர்தலும் செங்குட்டைப்பாளையத்துக்காரரும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பில் போன வாரம் வகுப்புத் தலைவர் தேர்தல் நடந்தது. சட்டமன்றப் பாடம் நடப்பதால், கையைத் தூக்கச் சொல்லாமல் ஓட்டே போட வைக்கலாம் என்றார் டீச்சர். பழைய பிஸ்கட் டப்பாதான் பெட்டி. கணக்கு நோட்டில் கிழித்த தாள்தான் சீட்டு. இரண்டு ஓட்டில் ஒரு பிள்ளை தோற்றது. அப்புறம் அந்தப் பிள்ளையும் ஜெயித்த பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருவதில்லை. சரி, நாலு நாளில் பழகிவிடுவார்கள். ஆனால் வீட்டிலிருந்து மூன்று பேர் வந்து, "மறுபடி எண்ணுங்க சார்" என்றார்கள். எண்ணினோம். அதே இரண்டு ஓட்டு.

அதனால்தான் நம் பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பொள்ளாச்சிக்குப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் 1910இல் பிறந்த சி.சுப்பிரமணியம். விவசாயக் குடும்பம். சென்னையில் இயற்பியலும் சட்டமும் படித்தார், கோயம்புத்தூரில் வக்கீலாக இருந்தார், சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனார். 1952இல் சென்னை மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகி, ராஜாஜி அமைச்சரவையில் நிதி அமைச்சரானார்.

1954இல் முதலமைச்சர் பதவியிலிருந்து ராஜாஜி விலகியதும் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குப் போட்டி வந்தது. காமராஜருக்கு 93 ஓட்டு, நம்மவருக்கு 41. இரண்டு ஓட்டு இல்லை, 52 ஓட்டு வித்தியாசம்! முதலமைச்சரான காமராஜர், தன்னை எதிர்த்து நின்றவரையே அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். இவரும் மறுக்கவில்லை. கல்வித் துறையும் இவரிடம் வந்தது. தன்னை ஆதரித்த ராஜாஜி கொண்டுவந்த, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்ற கல்வித் திட்டத்தைக் கைவிடுவதாக அதே ஆண்டு மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியவரும் இவரேதான். அது லேசான வேலையாக இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. 1962 வரை மாநில அமைச்சராகவே இருந்தார்.

பிறகு டெல்லி, உணவு அமைச்சர், பசுமைப் புரட்சி, 1998இல் பாரத ரத்னா. அதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நடுவில் 1967 நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றதைத்தான் யாரும் சொல்வதில்லை.

வரும் வெள்ளிக்கிழமை மதியம் 2.30 மணிக்குப் பிள்ளைகள் மாதிரிச் சட்டமன்றம் நடத்துகிறார்கள். முதன்முதலில் ஓட்டுப் போட்ட கதையை அப்பாரு, அம்மாயி யாராவது பிள்ளையிடம் சொல்லி அனுப்பினால் நல்லது. 2010இல் சுப்பிரமணியம் படம் போட்ட ஐந்து ரூபாய் நாணயம் வெளிவந்தது. உண்டியலில் கிடந்தால் கொடுத்தனுப்புங்கள், காட்டிவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம். இதற்காகப் புது வேட்டி, துண்டு எதுவும் வாங்க வேண்டாம். யூனிஃபார்மே போதும்.

தோற்ற பிள்ளைக்கு நிதி அமைச்சர் பதவி கொடுக்க ஜெயித்த பிள்ளை சம்மதித்துவிட்டது. தோற்ற பிள்ளை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து வீட்டில் யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்