எட் ஐஸ்டோனுக்கு: ஐந்தாவது ஆளைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள கோச் எட் ஐஸ்டோன் அவர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபரில் சிகாகோ மாரத்தானை கானர் மான்ட்ஸ் 2 மணி 4 நிமிடம் 43 விநாடியில் ஓடி முடித்தார். காலித் கனூச்சி 2002-இல் ஓடிய 2:05:38 என்ற அமெரிக்கச் சாதனை 23 வருடம் அசையாமல் இருந்து அன்றைக்கு உடைந்தது. எல்லோரும் மான்ட்ஸைப் பாராட்டி எழுதினார்கள். பாராட்ட வேண்டியதுதான். எனக்கு என்னவோ அவருடைய பயிற்சியாளருக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் 1990-இல் ராட்டர்டாமில் ஓடிய 2:10:59தான் உங்களுடைய சிறந்த நேரம். உங்களைவிட ஆறு நிமிடத்துக்கும் மேல் வேகமாக ஓடும் ஒருவரை உருவாக்கியிருக்கிறீர்கள்.

பெரிய ஓட்டக்காரர்கள் பயிற்சியாளராக வந்தால் எனக்கு முதலில் ஒரு தயக்கம் வரும். தன் உடம்பு தாங்கியதை எல்லார் உடம்பும் தாங்கும் என்று நினைத்துவிடுவார்கள். அப்படி நினைக்க உங்களுக்குக் காரணம் நிறையவே இருந்தது. பிரிகாம் யங் பல்கலைக்கழக மாணவராக 1984-இல் என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) நடத்தும் கிராஸ் கன்ட்ரியில், அதாவது புல்வெளியிலும் மேடு பள்ளத்திலும் ஓடும் நெடுந்தூர ஓட்டத்தில், தனிநபர் பட்டம். அடுத்த வருடம் தடகளத்தில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் பட்டம். அப்புறம் 1988, 1992 இரண்டு ஒலிம்பிக்குக்கும் நடந்த அமெரிக்க மாரத்தான் தகுதிப் போட்டிகளில் இரண்டு முறையும் இரண்டாம் இடம். சியோலில் 29-வதாக வந்தீர்கள். பார்சிலோனாவில், கடைசியில் மோன்ஜூயிக் குன்றில் ஏறி முடிக்க வேண்டிய அந்த ஓட்டத்தில், 13-வது. உங்களுக்கு இரண்டே விநாடி முன்னால் உங்கள் நாட்டுக்காரர் ஸ்டீவ் ஸ்பென்ஸ்.

இவ்வளவும் ஒரு மனிதர் தன் காலை நம்பி, தன் நேரத்தைப் பார்த்து ஓடியது. ஆனால் 2000-இல் நீங்கள் எடுத்துக்கொண்ட வேலை, அதே பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கிராஸ் கன்ட்ரி அணிக்குப் பயிற்சியாளர் வேலை, வேறு மாதிரியானது. கிராஸ் கன்ட்ரி அணிப் போட்டியைப் பார்த்திராத வாசகர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், அதைக் கொஞ்சம் விளக்கிவிட்டு மேலே போகிறேன்.

ஒரு அணியிலிருந்து ஏழு பேர் ஓடலாம். முதலில் வரும் ஐந்து பேருக்குத்தான் புள்ளி. அணியில்லாமல் தனியாக ஓடுகிறவர்களைக் கழித்துவிட்டு எண்ணி, முதலாவதாக வந்தால் 1 புள்ளி, நாற்பதாவதாக வந்தால் 40. ஐந்தையும் கூட்ட வேண்டும், குறைவாக இருக்கும் அணி ஜெயிக்கும். ஆறாவது, ஏழாவது ஆட்களுக்குப் புள்ளி கிடையாது, ஆனால் எதிரணியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் வந்துவிட்டால் அவருடைய எண்ணை ஒன்றிரண்டு கூட்டிவிடலாம். என்.சி.ஏ.ஏ. இறுதிப் போட்டியில் 31 அணிகள், தனியாகத் தகுதி பெற்றவர்களையும் சேர்த்தால் 250 பேருக்கு மேல், ஒரே கோட்டிலிருந்து பாய்கிறார்கள். ஆண்களுக்குப் பத்து கிலோமீட்டர்.

இதில் முன்னால் ஓடுகிறவர்களுக்கு இடையே இடைவெளி இருக்கும். ஒருவர் மூன்று விநாடி சுணங்கினால் ஒரு இடம் போகும், அவ்வளவுதான். நடுக்கூட்டத்தில் கதை வேறு. அங்கே தோளோடு தோள் உரசிக்கொண்டு வருகிறார்கள். கடைசி இருநூறு மீட்டரில் ஒருவர் மூன்று விநாடி தளர்ந்தால் பத்துப் பேர் கடந்து போய்விடுவார்கள். பத்துப் புள்ளி! பட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த இடம்தான். படம் எடுக்கிறவர்கள் எல்லாம் ஜெயித்தவரைச் சூழ்ந்து நிற்கும்போது, பயிற்சியாளர் பின்னால் வரும் கூட்டத்தில் தன் ஐந்தாவது பையனின் சட்டை நிறத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

வாழ்க்கை முழுக்க முதல் ஆளாக இருந்த நீங்கள் அந்த ஐந்தாவது ஆளைக் கவனிக்கக் கற்றுக்கொண்டதுதான் உங்கள் பயிற்சியாளர் வாழ்க்கையின் சாரம் என்று எனக்குப் படுகிறது. 2006-இலேயே உங்கள் மாணவர் ஜாஷ் ரோஹாடின்ஸ்கி தனிநபர் பட்டம் வென்றுவிட்டார். ஒற்றை ஆளை உச்சிக்குக் கொண்டுபோக உங்களுக்குத் தெரியும் என்பது அப்போதே நிரூபணம் ஆகிவிட்டது. அணிப் பட்டத்துக்கு மேலும் பதின்மூன்று வருடம் ஆனது. 2018-இல் மேடிசனில் நடந்த என்.சி.ஏ.ஏ. இறுதிப் போட்டியில் நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகம் 83 புள்ளி, நீங்கள் 116, இரண்டாம் இடம். அவர்களுக்கு அது தொடர்ந்து மூன்றாவது பட்டம். அடுத்த வருடம் டெர்ரே ஹோட்டில் நீங்கள் 109, அவர்கள் 163. பிரிகாம் யங் ஆண்கள் அணிக்கு அதுதான் முதல் கிராஸ் கன்ட்ரி பட்டம். பொறுப்பேற்றுப் பத்தொன்பது வருடம் கழித்து வந்தது. ஒரு பருவம் சறுக்கினாலே பயிற்சியாளரை மாற்றச் சொல்லும் காலத்தில், உங்களை இருக்கவிட்ட பல்கலைக்கழகத்தையும் நான் பாராட்டுகிறேன்.

உங்கள் பல்கலைக்கழகம் மார்மன் திருச்சபையுடையது என்பதால், உங்கள் பையன்களில் பலர் நடுவில் இரண்டு வருடம் திருச்சபைப் பணிக்குப் போய்விடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மான்ட்ஸ் கானாவுக்குப் போனார், கென்னத் ரூக்ஸ் உகாண்டாவுக்கு. அங்கே முறையான பயிற்சி கிடையாது. காலையில் கொஞ்ச நேரம் உடற்பயிற்சி செய்யலாம், மிச்ச நாள் முழுக்க ஊழியம். திரும்பி வருகிறவருக்கு நெடுந்தொலைவு ஓட்டத்துக்கான அடித்தளமே கரைந்து போயிருக்கும். வயதில் மூத்த பையன்களை வைத்து ஜெயிக்கிறார்கள் என்று உங்கள் அணியைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. இருபத்து மூன்று வயது உடம்புக்குப் பதினெட்டு வயது உடம்பைவிடத் தாங்கும் சக்தி அதிகம் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வளர வேண்டிய வயதில் இரண்டு வருடப் பயிற்சி போவது சின்ன இழப்பு இல்லை. திரும்பி வந்தவர் பழைய வேகத்தை உடனே எட்டப் பார்த்து எலும்பில் விரிசலோடு உட்கார்ந்துவிடும் ஆபத்து அதைவிடப் பெரிது. நீங்களும் அப்படிப் போய்வந்தவர். முதல் சில மாதங்கள் எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்பது அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

ஜாரெட் வார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. புள்ளியியல் படித்தவர், மாரத்தானில் வேகத்தை எப்படிப் பங்கிடுவது என்பதைத்தான் முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அதே கணக்கைக் காலிலும் காட்டி 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் ஆறாவதாக வந்தார். மாணவரின் மூளையையும் ஓடவிட்ட பயிற்சியாளர் நீங்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது.

சரி, ஆர்லாண்டோவுக்கு வருகிறேன். 2024 பிப்ரவரி 3, பாரிஸ் ஒலிம்பிக்குக்கான மாரத்தான் தகுதிப் போட்டி. வெயில். சாக் பானிங் நெடுநேரம் முன்னால் இழுத்துக்கொண்டு ஓடினார். மான்ட்ஸும் உங்களுடைய இன்னொரு மாணவர் கிளேட்டன் யங்கும் ஒட்டியே வந்து, பிற்பாடு அவரைக் கடந்தார்கள். கடைசி மைல்களில் மான்ட்ஸ் தளர்ந்து போனது முகத்திலேயே தெரிந்தது. யங் நினைத்திருந்தால் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை, பக்கத்திலேயே இருந்து உற்சாகப்படுத்திக்கொண்டு வந்தார். மான்ட்ஸ் 2:09:05, யங் 2:09:06. கோட்டைத் தொடும்போது யங் மான்ட்ஸைக் கைகாட்டிக் கொண்டாடினார். மாரத்தான் தனி ஆள் பந்தயம், அதில் ஐந்தாவது ஆளுக்குப் புள்ளி இல்லை. ஆனாலும் உங்கள் பல்கலைக்கழக ஊரான புரோவோவில் ஒன்றாக ஓடிப் பழகியவர்கள் வேறு மாதிரி ஓடத் தெரியாதவர்கள் போல ஓடினார்கள். ஆறு மாதம் கழித்து பாரிஸின் ஏற்ற இறக்கங்களில் மான்ட்ஸ் எட்டாவது, யங் ஒன்பதாவது.

அதே பாரிஸில் 3,000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸ், அதாவது தடைகளைத் தாண்டி ஓடும் பந்தயத்தின் இறுதிப் போட்டி. யாரும் பதக்கக் கணக்கில் சேர்க்காத ரூக்ஸ் கடைசிச் சுற்றில் திடீரென்று எல்லோரையும் தாண்டி முன்னால் போனார். உலகின் தலைசிறந்தவர்கள் பின்னால் துரத்த, மொராக்கோவின் எல் பக்காலி மட்டும் எட்டிப் பிடிக்க, 8:06.41-இல் வெள்ளி. 2023-இல் அமெரிக்க தேசியப் போட்டியில் தடை தட்டிக் கீழே விழுந்து, எழுந்து, எல்லோரையும் கடந்து ஜெயித்தவரும் அவர்தான்.

அந்த நவம்பரில் நீங்கள் மறுபடி மேடிசன் போனீர்கள், ஆறு வருடம் முன்னால் இரண்டாவதாக நின்ற அதே மைதானம். பிரிகாம் யங் 124, அயோவா ஸ்டேட் 137. பதின்மூன்று புள்ளி வித்தியாசம். நடுக்கூட்டத்தில் சில விநாடிகள் மாறியிருந்தால் பட்டமும் மாறியிருக்கும். அன்றைக்கே தில்ஜீத் டெய்லர் பயிற்றுவித்த பிரிகாம் யங் பெண்கள் அணியும் பட்டம் வென்றது. ஒரே பல்கலைக்கழகம், ஒரே நாள், இரண்டு கோப்பை. பஞ்சாபி வேர் கொண்ட ஒரு பெண் அமெரிக்கக் கல்லூரி ஓட்டத்தின் உச்சியில் நிற்கிறார் என்பதை நம் பத்திரிகைகள் ஏன் கண்டுகொள்ளவில்லை என்பது எனக்கு வருத்தம். அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இறுதிப் போட்டிக்கு ஏழு பேர்தான். கோடையில் தொடங்கி நவம்பர் வரை அதே மலைப்பாதைகளில், அதே கிலோமீட்டர்களை ஓடிய எட்டாவது பையனிடம் நீ வரவில்லை என்று நீங்கள்தான் சொல்லியாக வேண்டும். இருபத்தைந்து வருடமாக ஒவ்வொரு பருவமும் சொல்லி வருகிறீர்கள். என்ன வார்த்தைகளில் சொல்வீர்கள்? அடுத்த நாள் காலைப் பயிற்சிக்கு அவன் வந்து நிற்கும்போது என்ன பேசுவீர்கள்? ஓட்டப் பத்திரிகைகளில் பத்தி எழுதிய அனுபவம் உங்களுக்கு உண்டு. இதையும் ஒரு நாள் எழுதுங்கள், கோச். கல்லூரி அணிகளைப் பயிற்றுவிக்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள், அவர்களுக்கு முதல் வேலையாக அனுப்பி வைப்பேன்.

அன்புடன்,
தூரத்திலிருந்து உங்கள் அணியைத் தொடர்ந்து வரும் ஒரு ரசிகர்