நிறம் வேண்டாம், தேதி போடுங்கள்: மேய்ச்சல் கோழி முட்டை விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

'மேய்ச்சல் கோழி முட்டை' என்று பெட்டியில் அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்பும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் முட்டைகளைப் பல வருடங்களாக வாங்கிக்கொண்டிருக்கிறேன். சாதாரண முட்டையைவிட விலை அதிகம் என்று தெரிந்தேதான் வாங்குகிறேன். கோழியை வெயிலிலும் புல்லிலும் விட்டு வளர்த்தால் செலவு கூடத்தான் செய்யும், அதில் எனக்குப் புகார் இல்லை. புகார் பெட்டியைப் பற்றியது. பச்சைப் புல்வெளி, உதிக்கிற சூரியன், நிமிர்ந்து நிற்கும் ஒரு கோழி, ஆரஞ்சு நிறத்தில் மின்னும் மஞ்சள் கரு எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. முட்டை எப்போது இட்டது என்று சொல்ல மட்டும் இடம் இல்லை.

முதலில் அந்த நிறத்தைப் பேசிவிடுகிறேன், நானே அதில் ஏமாந்திருக்கிறேன். கரு எவ்வளவு சிவந்திருக்கிறதோ அவ்வளவு நல்ல முட்டை என்று நம்பி, ஒரே நிறுவனத்தின் பெட்டியைத் தேடித் தேடி வாங்கிய காலம் உண்டு. சந்தேகம் வந்ததே நிறம் மாறாததால்தான். மழைக்காலமோ கோடையோ, எப்போது உடைத்தாலும் அதே ஆரஞ்சு. பெட்டிக்குள் இருக்கும் அத்தனையும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே நிறம். வெளியே மேயும் கோழிகள் எல்லாம் ஒரே அளவு புல்லையா தின்னும்? ஒன்று இலையைக் கொத்தும், ஒன்று புழுவைத் தேடிக் கிளறும், இன்னொன்று தீவனத் தொட்டியை விட்டு நகரவே நகராது. புல் காய்ந்த மாதத்தில் கரு கொஞ்சமாவது வெளிற வேண்டாமா?

அப்புறம்தான் விவரம் தெரிந்தது. கருவுக்கு நிறம் தருபவை லூட்டீன், சியாக்சாந்தின் போன்ற கரோட்டினாய்டு நிறமிகள். கோழியால் இவற்றைத் தானே உண்டாக்க முடியாது, தின்பதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். பசும்புல்லில் இவை உண்டு, மஞ்சள் மக்காச்சோளத்திலும் உண்டு. தீவனத்தில் கலக்கும் செண்டுமல்லி இதழ்ப் பொடியிலும் உண்டு. இன்னும் சிவப்பு வேண்டுமென்றால் மிளகாயிலிருந்து எடுத்த நிறமி இருக்கிறது. கருவின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க 1 முதல் 15 வரை எண்ணிட்ட வண்ண விசிறி ஒன்றைக்கூட முட்டைத் தொழிலில் வைத்திருக்கிறார்கள். எந்த எண் வேண்டுமோ அதற்கேற்பத் தீவனம் கலந்தால் போதும், கூண்டை விட்டு ஒரு நாளும் இறங்காத கோழியும் சிவந்த கருவோடு முட்டையிடும். செண்டுமல்லியில் குற்றமில்லை, கோழிக்கு அதனால் கெடுதலும் இல்லை. அந்த நிறத்தைப் புல்வெளிக்குச் சாட்சியாக நிறுத்துவதுதான் எனக்கு உறுத்துகிறது.

மேய்ச்சலால் பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், புல்வெளிக் கோழிகளின் முட்டையில் கூண்டுக் கோழி முட்டையைவிட வைட்டமின் ஈ இரண்டு மடங்கும் ஒமேகா-3 கொழுப்பு இரண்டரை மடங்கும் இருந்தன. ஆனால் கடையில் நின்று பார்க்கும் எனக்கு இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் நிறத்தையோ மூட்டை மூட்டையாக விலைக்கு வாங்கிவிடலாம். ஓட்டின் நிறம் இன்னும் மோசமான சாட்சி. அது கோழியின் இனத்தைப் பொறுத்தது, அவ்வளவுதான்.

சரி, வீட்டுக்கு வந்து உடைத்துப் பார்த்தால்? அங்கே நிறையத் தெரியும், ஆனால் தெரிவதெல்லாம் வேறு விஷயம். தட்டையான தட்டில் ஊற்றினால் புது முட்டையில் கெட்டியான வெள்ளைக் கரு மஞ்சளைச் சுற்றி மேடாக நிற்கும், பழையது தண்ணீராக ஓடும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே கரியமில வாயு வெளியேற, வெள்ளைக் கருவின் காரத்தன்மை ஏறி அது நீர்த்துப்போகிறது. ஈரமும் போகப் போக, அகன்ற முனையில் உள்ள காற்றறை பெரிதாகிறது. தண்ணீரில் போட்டால் பழைய முட்டை மிதப்பதும் இதனால்தான். மிகப் புதிய முட்டையில் வெள்ளை சற்றே கலங்கியிருக்கும், அதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கெட்டியான வெள்ளையின் உயரத்தையும் முட்டையின் எடையையும் சேர்த்துக் கணக்கிடும் ஹாஃப் (Haugh) அளவு 1937-லிருந்தே இருக்கிறது. அமெரிக்கத் தரப்படுத்தலில் இந்த அளவு 72 அல்லது அதற்கு மேல் இருந்தால் 'ஏஏ' என்ற முதல் தரம், 60-க்குக் கீழே போனால் 'பி' என்ற கடைசித் தரம்.

இவை எல்லாம் முட்டை எத்தனை நாள் எந்தச் சூட்டில் கிடந்தது என்பதையும், கொஞ்சம் கோழியின் வயதையும் சொல்லும். வயதான கோழியின் முட்டை பெரிதாகவும், ஓடு மெலிந்தும், வெள்ளை இளகியும் இருக்கும். புல்லைப் பற்றி இவை வாயே திறக்காது. நேற்று இட்ட கூண்டுக் கோழி முட்டை, நான்கு வாரம் அலமாரியில் இருந்த உங்கள் மேய்ச்சல் முட்டையைவிடத் தட்டில் கம்பீரமாக நிற்கும். அதைப் பார்த்து 'மேய்ச்சல் எல்லாம் சும்மா' என்று வாங்குகிறவர் முடிவு கட்டினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

எனவே மேய்ச்சலை நீங்கள் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இதை முறையாகச் சொல்லவும் வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் முட்டையின் ஓட்டிலேயே எண் குத்துகிறார்கள். 0 என்றால் இயற்கை வேளாண்மை, 1 வெளியே உலவும் கோழி, 2 கொட்டகைக்குள் உலவுவது, 3 கூண்டு. 1-க்குக் கோழி ஒன்றுக்கு 4 சதுர மீட்டர் வெளியிடம் கணக்கு. அமெரிக்காவில் ஒரு தனியார் சான்றிதழ், மேய்ச்சல் என்ற சொல்லுக்குக் கோழி ஒன்றுக்கு 108 சதுர அடி வெளியிடமும், நாளுக்கு ஆறு மணி நேரம் வெளியே விடுவதும் வேண்டும் என்று கேட்கிறது. எண்ணே இல்லாமல் 'சுதந்திரமாக வளர்ந்த' என்று எழுதினால் நான் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

இடம் இருந்தால் மட்டும் கோழி வெளியே வந்துவிடாது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அது காட்டுக்கோழியின் வம்சம், தலைக்கு மேல் மறைப்பு தேடும். மரமோ புதரோ இல்லாத பொட்டல் வெளியில் விட்டால் பருந்துக்குப் பயந்து கொட்டகைச் சுவரை ஒட்டியே நிற்கும். உங்கள் பெட்டிப் படத்தில் ஒரு மரம்கூட இல்லை, கவனித்தீர்களா?

நான் கேட்பது பெரிதில்லை. 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்பதோடு முட்டையிட்ட தேதியையும் போடுங்கள். கோழி ஒன்றுக்கு எவ்வளவு இடம், எத்தனை மணி நேரம் வெளியே, மந்தையின் வயது என்ன என்று மூன்று எண்கள் போடுங்கள். சூரியனைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் கிடைக்கும். பறவைக் காய்ச்சலுக்காகக் கோழிகளை உள்ளே அடைத்து வைத்திருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வோம். புல் குறைந்த மாதங்களில் 'இப்போது கரு வெளிறியிருக்கும்' என்று அச்சிடுங்கள். அப்படி ஒரு வரி உள்ள பெட்டியில் எவ்வளவு வெளிறிய கரு வந்தாலும் நான் திருப்பிக் கொடுக்க வரமாட்டேன்.

இப்படிக்கு,
வாங்கும் முன் பெட்டியைத் திறந்து பார்க்கும் ஒரு வாடிக்கையாளர்