கனடாத் தமிழ் அமைப்புகளுக்கு: மே 5 அன்று நாமும் போவோம்

நிர்வாகிகளுக்கு வணக்கம்.

ஒவ்வொரு ஆண்டும் மே 5ஆம் திகதி, காணாமல் போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களின் நினைவாகக் கனடா எங்கும் மரங்களில் சிவப்பு உடைகளைத் தொங்கவிடுகிறார்கள். காற்றடித்தால் உள்ளே ஆள் இருப்பது போல உடை உப்பும், அப்புறம் தொய்ந்து போகும். போன வருடம் அப்படி ஒரு மரத்தடியில், மகளின் படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு தாய் நின்றார். எனக்குக் கிளிநொச்சிதான் நினைவுக்கு வந்தது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரியில் வீதியோரம் வந்து உட்கார்ந்த நம் அம்மாக்களும் படத்தை இப்படித்தான் நெஞ்சோடு வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு அங்கே தமிழர் என்று நாங்கள் மூன்று பேர். அதனால்தான் இந்த மடல்.

வின்னிபெக்கில் 2014 ஓகஸ்டில் ரெட் ஆற்றிலிருந்து 15 வயதுப் பூர்வகுடிச் சிறுமியின் உடலை எடுத்தார்கள். அதன் பிறகு சாதாரண சனங்களே படகெடுத்து, கொக்கி மாட்டிய சங்கிலிகளை ஆற்றடியில் இழுத்துக் காணாமல் போனவர்களைத் தேடத் தொடங்கினார்கள். 2022இல் கொல்லப்பட்ட இரண்டு பெண்களின் உடல்கள் நகருக்கு வெளியே ஒரு குப்பைமேட்டில் கிடப்பதாகப் பொலிஸே நம்பியது. ஆனாலும் தேடுவது சாத்தியமில்லை என்றது. மாகாண அரசும் தேடுகிறவர்களுக்கு ஆபத்து என்று கைவிரித்தது. குடும்பத்தார் விடவில்லை. கூடாரம் அடித்தார்கள், சாலையை மறித்தார்கள், ஒட்டாவா வரை போனார்கள். 2023 மாகாணத் தேர்தலில் ஆட்சி மாறியது. 2024 டிசம்பரில் தேடல் தொடங்கி, 2025 மார்ச்சில் இருவரும் அடையாளம் காணப்பட்டார்கள். முடியவே முடியாது என்ற வேலைக்கு நாலு மாதம்கூட ஆகவில்லை.

இப்படிக் காணாமல் போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களைப் பற்றி விசாரித்த தேசிய ஆணையம் 2019இல் 231 நீதிக் கோரிக்கைகளை வைத்தது. பெரும்பாலானவை இன்னும் நிறைவேறவில்லை. நம் விழா மேடைக்கு வரும் எம்.பி.க்களிடம் ஈழத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றிக் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். அதே மூச்சில் இதையும் கேளுங்கள். நாம் வீடு வாங்கிக் குடியிருப்பது பூர்வகுடிகளின் மண்ணில்.

இன்னொன்று: நம் கூட்டங்களில் இன்னமும் 'செவ்விந்தியர்' என்கிறோம். அதைத் தயவுசெய்து விடுங்கள்.

மே 5 அன்று பதாகை வேண்டாம், பேச்சும் வேண்டாம். பேச வேண்டியவர்கள் அந்தக் குடும்பத்தார். காலையிலேயே போய்க் கதிரை அடுக்குவோம், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்போம். வீட்டில் சிவப்பு உடை ஏதும் இருந்தால் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
வின்னிபெக்கிலிருந்து ஒரு தமிழர்