முதலில் கல்லூரி ஆசிரியர் ஒரு நிரல் பிழையைத் திருத்தட்டும்

இதழாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியியல் மாணவர்கள் திறமூல மென்பொருள்களில் (நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும், யாரும் திருத்தம் அனுப்பக்கூடிய மென்பொருள்களில்) வேலை செய்து பழக வேண்டும் என்ற சென்ற இதழ்க் கட்டுரை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதை வகுப்பில் நடத்தப்போகிறவரை யார் தயார்படுத்துவது? கட்டுரை அந்தப் பக்கமே போகவில்லை.

பாடப்புத்தகப் பயிற்சி என்றால் விடை ஆசிரியர் கையில் இருக்கும். யாரோ எழுதிய லட்சக்கணக்கான வரி நிரலுக்கு அப்படி விடைத்தாள் கிடையாது. "எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்" என்று மாணவர் முன்னால் சொல்ல வேண்டிவரும். பல வருடம் பாடம் நடத்திப் பழகியவருக்கு இது லேசில் வராது. அதனால் ஆசிரியரே முதலில் ஒரு பக்கை, அதாவது நிரலில் உள்ள பிழையை, எடுத்துத் திருத்தி, அதைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட் அனுப்பி, அந்த மென்பொருளைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் குறை சொல்லித் திருப்பியதும் மறுபடி சரிசெய்து, அது ஏற்கப்படும்வரை ஒருமுறையாவது போய்வர வேண்டும். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் கட்டளைகளை மட்டும் கற்றுத்தரும் ஒருநாள் பயிலரங்கு இதற்கு ஈடாகாது.

திறமூல மென்பொருள் நிறுவனமான ரெட் ஹாட் 2009-இல் பேராசிரியர்களுக்காகத் தொடங்கிய 'பாஸி' பயிற்சி இதற்கு நல்ல முன்மாதிரி. பின்னர் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியோடு நடந்தபோது, முதலில் இணையவழிப் பயிற்சி, அடுத்து நேரடிப் பயிலரங்கு, அதன்பின் சிறு குழுக்களாகத் தங்கள் வகுப்புக்கான திட்டம் என்று அது படிப்படியாகப் போனது. பயிலரங்கு முடிந்த பிறகும் ஆசிரியரைக் கைவிடாததுதான் அதில் எனக்குப் பிடித்த அம்சம்.

தயாரிப்பு இல்லாமல் கூட்டமாகப் போனால் என்னாகும் என்பதற்கு 2020 ஹேக்டோபர்ஃபெஸ்ட் சாட்சி. அக்டோபர் மாதத்தில் திறமூலத் திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்புவோருக்குப் பரிசு தந்த நிகழ்வு அது. டி-சர்ட் கிடைக்கும் என்பதற்காகப் பலர் திட்டத்தின் அறிமுகக் குறிப்பான ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பிக் குவித்தார்கள். மெயின்டெய்னர்கள் கொதித்துப்போக, விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டும் போதும் என்று அந்த மாதத்திலேயே விதியை மாற்ற நேர்ந்தது. டி-சர்ட் இருந்த இடத்தில் மதிப்பெண்ணை வைத்தால் ஒரு வகுப்பும் இதையேதான் செய்யும்.

மதிப்பெண் என்றதும் இன்னொன்று. நிரல் ஏற்கப்பட்டால்தான் மதிப்பெண் என்பது அநியாயம்; மெயின்டெய்னருக்கும் நம் தேர்வு அட்டவணைக்கும் என்ன சம்பந்தம்? பக்கைப் பதிவுசெய்யும் 'இஷ்யூ' பக்கத்தில் நடந்த உரையாடல், பக்கைத் திரும்ப வரவழைத்துக் காட்டிய குறிப்பு, ஆவணத்தில் செய்த திருத்தம் எல்லாமே வேலைதான். அதை எடைபோடும் கண் தானும் அந்த வேலையைச் செய்தவருக்குத்தான் வரும். அதற்கு நேரம் வேண்டும். கல்லூரிகள் ஒரு பருவத்துக்காவது ஆசிரியரின் பாடச்சுமையைக் குறைத்துக் கொடுக்கலாம்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதினால் மெயின்டெய்னர்கள் சிலரிடமும் கேட்டு எழுதுங்கள். ஒரு வகுப்பே தங்கள் திட்டத்துக்கு வருவதாக இருந்தால், அந்த ஆசிரியர் எத்தனை நாள் முன்னதாக, என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள்?

இப்படிக்கு,
கணினியியல் ஆசிரியை ஒருவர்